எழுதி வைத்தும் நடக்கவில்லையா?

மாணவர்களே, சென்ற ஆண்டு அரையாண்டுச் சோதனை முடிந்த மறுவாரம், ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். படுக்கையறைச் சுவரிலிருந்து பிய்த்தது. நான்கு மூலையிலும் ஒட்டுநாடா அப்படியே இருந்தது. "வேதியியலில் ஏ எடுக்க வேண்டும். தினமும் படிக்க வேண்டும். கைப்பேசியைக் குறைக்க வேண்டும்." மூன்று வண்ணத்தில் அழகாக எழுதியிருந்தார். சோதனையில் வேதியியலில் தோல்வி.

"எழுதி வச்சும் நடக்கலையே, சார்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எழுதச் சொன்னவனே நான்தான். அதற்கு ஒரு கதையும் சொல்லியிருந்தேன். 1953இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டுமே தங்கள் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், மற்ற 97 விழுக்காட்டினர் சேர்த்த சொத்தைவிட அவர்களுடைய சொத்தே அதிகமாம். தன்முனைப்பு முகாம்களில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை! 1996இல் ஓர் அமெரிக்க வணிக இதழ் விசாரித்தபோது, யேலில் அதற்கான தடயமே கிடைக்கவில்லை. அறிவியல் ஆசிரியராக இருந்துகொண்டு, சான்று கேட்காமல் பல ஆண்டுகள் இதை வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன்.

அப்படியானால் பட்டியல் எழுதுவதே வீணா? இல்லை. உண்மையிலேயே நடந்த ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன.

புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் பெர்லினில் செய்த ஆய்வு 1927இல் வெளியானது. புதிர், கணக்கு, களிமண் உருவம் எனச் சிறு சிறு வேலைகளைக் கொடுத்து, பாதி வேலைகளை நடுவிலேயே நிறுத்தச் சொன்னார். பிறகு கேட்டபோது, முடித்த வேலைகளைவிட முடிக்காத வேலைகளே பலருக்கும் நன்றாக நினைவில் இருந்தன. பின்னாளில் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பாதியில் விட்ட வீட்டுப்பாடம் நாடகம் பார்க்கும்போது வந்து உறுத்துவது நமக்குத் தெரிந்ததுதானே?

2011இல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த உறுத்தலை எடுத்துக்கொண்டார்கள். முடியாத வேலையின் நினைப்பு, வேறு ஒன்றைப் படிப்பவரின் கவனத்தைக் கலைத்தது. அந்த வேலையை எப்படிச் செய்யப் போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டதும் தொல்லை அடங்கிவிட்டது. கவனியுங்கள்: வேலை இன்னும் முடியவில்லை. திட்டம் மட்டுமே கிடைத்திருக்கிறது.

ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்ஸர் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் செல்லும் மாணவர்களிடம், பண்டிகை முடிந்த இரண்டு நாளுக்குள் ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள் என்பதையும் குறிக்கச் சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சொன்ன நாளுக்குள் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். விடுமுறையில் வீட்டுப்பாடம் என்பதை நினைத்துப் பார்த்தால் அதுவே அதிகம்தான்!

இப்போது அந்த மாணவியின் தாளுக்கு வருவோம். அதில் இருந்தவை ஆசைகள். எந்தக் கிழமை, எங்கே, எந்தப் பாடம் என்று ஒரு வரிகூட இல்லை. இருவரும் உட்கார்ந்து முதல் வரியை மாற்றினோம்: "திங்கள், புதன் மாலை, புறப்பாட நடவடிக்கை முடிந்து வந்து குளித்ததும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, உப்புகள் பாடத்தில் ஒரு பழைய கேள்வியைச் செய்வேன்." 'குளித்ததும்' என்ற சொல்தான் இதில் முக்கியம். நேரத்தை மறந்துவிடலாம், குளித்ததை மறக்க முடியாது. கைப்பேசி வரியும் மாறியது: "அந்த நேரத்தில் கைப்பேசி அம்மாவிடம் இருக்கும்."

அடுத்த தேர்வில் அவருக்கு 'சி' கிடைத்தது. ஏ இல்லை. அதுவும் பட்டியலால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அதே மாதத்தில் அவர் பிரத்தியேக வகுப்புக்கும் போகத் தொடங்கியிருந்தார்.

நீங்களே சோதித்துப் பாருங்களேன். ஒரு வாரம், செய்ய வேண்டிய 5 வேலைகளை உங்கள் வழக்கப்படி எழுதுங்கள். அடுத்த வாரம், அதே அளவு கடினமான 5 வேலைகளை, எதற்குப் பிறகு, எந்த இடத்தில் செய்வீர்கள் என்பதோடு எழுதுங்கள். ஞாயிறு இரவு, முடித்தவற்றை எண்ணிக் குறியுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? இங்கே எது எது என்று அதே தாளின் மேலே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் பள்ளி, மறுவாரம் விடுமுறை என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாற்றம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாமல் போய்விடும்.