மலைக்கோயில் யாத்திரையும் வயிற்றின் நலமும்

கோடைத் தொடக்கத்தில் உதகை மாரியம்மன் தேரையும் குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழாவையும் தரிசிக்க மலையேறும் அடியார்களில் முதியோர் பலர். வழியில் உண்ட பண்டமோ, காய்ச்சாத நீரோ மறுநாளே வயிற்றைப் புரட்டிவிடுவதுண்டு. அம்பாளைக் காண வந்தவர் விடுதிக் கட்டிலில் சுருண்டு கிடக்க நேர்கிறது.

அப்போது பெரியவர்கள் முதலில் நாடுவது பட்டினியைத்தான். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்ற மூதுரை உணவைக் குறித்ததேயன்றி நீரைக் குறித்ததன்று. ஆனால் அடிக்கடி எழுந்து போக நேருமே என்று அஞ்சித் தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான். முதுமையில் தாக உணர்வு குறைகிறது. மலைக் குளிரில் அது மேலும் மங்குகிறது. நா வறண்டு, சிறுநீர் குறைந்து, எழும்போது தலை சுற்றினால் உடல் வற்றுகிறது என்று பொருள். இரவில் அப்படித் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்களைப் பல குடும்பங்கள் அறியும்.

1971இல் வங்கதேசப் போரின்போது, பன்காவ் அகதி முகாமில் காலராவால் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் சர்க்கரைச் சத்தும் கலந்த நீரை வாய்வழியே பருகச் செய்து ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததே. அது கிட்டாவிடில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, வாய்வாயாகப் பருகலாம். அளவில் தாராளம் கூடாது; உப்பு மிகுந்தால் தீங்கு.

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நீர் 100 பாகையில் அன்று, சுமார் 92 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமிகளை அழிக்க அந்த வெப்பம் போதுமென்றாலும், தளதளவென்று கொதித்த பின் மூன்று நிமிடமாவது விட்டுவைக்க வேண்டும். அரிசி வேகவும் நேரமாகும். அரைவேக்காட்டுச் சோறு நலிந்த வயிற்றுக்கு ஆகாது. நொய்க் கஞ்சியைக் குக்கரில் குழைய வைப்பதே உத்தமம்.

கஞ்சியில் உப்பிட்டு முதல் நாள் அருந்தலாம். பின்னர் பாசிப்பருப்புக் கஞ்சி, கனிந்த வாழைப்பழம், நீர்மோர், இட்லி என ஏறலாம். கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட் இங்கே கைகொடுக்கும். ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ, 1908ஆம் ஆண்டிலேயே கேரட்டை வெகுநேரம் வேகவைத்து மசித்து உப்பிட்ட கூழைக் கழிச்சல் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். இளநீர் சமவெளியிலிருந்து வர வேண்டியது, விலை கூடுதல்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் அதைப் பருகலாகாது.

கஞ்சியோடே நாள்களைக் கடத்துவதும் தவறு. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வே, 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அதைத் தொடங்கிய ராபர்ட் மெக்கரிசன், கடும் வெப்பத்தால் சத்தழிந்த அரிசியைக் குரங்குகளுக்கு உணவாக அளித்தார். அவற்றுக்குக் கழிச்சலும் சீதபேதியும் கண்டன. நல்லுணவு பெற்றவை தப்பின. ஆகவே பசி திரும்பியதும் பருப்பும் காய்களும் இலைக்குத் திரும்ப வேண்டும்.

நீலகிரிக்கு வந்து தேநீர் வேண்டாமென்றால் மனம் கேட்குமா? பால் சேர்க்காமல், இளஞ்சாயமாக, ஒரு குவளை போதும். பாலைச் சில நாள் ஒதுக்குவது நல்லது. நலிந்த குடல் பாற்சர்க்கரையைச் செரிக்கத் திணறும். நெய் வழியும் சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிடலாம், அம்பாள் கோபிக்கமாட்டாள்.

இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை உண்போர், அந்நாள்களில் அவற்றை எப்படி எடுப்பதென்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீரே பிரியாமை, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தேர் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.