மெய்நிகர் உலகில் கட்டடக் கலைஞர்

மழை பெய்யாத, காற்று வீசாத, புவியீர்ப்பு இல்லாத ஓரிடத்தில் கட்டடக் கலைஞருக்கு என்ன வேலை என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. கணிப்பொறியினால் தோற்றுவிக்கப்பெறும் மெய்நிகர் உலகில் சுவர் எப்பாரத்தையும் தாங்குவதில்லை. தூணை அகற்றினும் கூரை விழாது. ஆயினும், அவ்வுலகினுள் நுழையும் மனிதன் தன் உடலை வெளியே விட்டுச் செல்வதில்லை. அவனுடைய கண்களும், உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பும், வாயில் எப்பக்கம் இருக்கும் என்று ஊகிக்கும் பழக்கமும் அவனுடனேயே வருகின்றன. கட்டடக் கலைஞருக்கு அங்கே வேலை ஏற்படுவது இதனாலேயே ஆகும்.

அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லண்ட் 1968ஆம் ஆண்டில் தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். அதனைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. அணிந்தவர் கண்டது வெறும் கோட்டுருவங்களையே. 2016ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த கருவிகளோ காட்சியை வினாடிக்கு 90 முறை புதுப்பித்தன. இவ்வேகம் தளருமாயின் அணிந்தவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகக்கூடும். ஆகவே, சிமெண்டும் இரும்பும் செலவாகாத இவ்வுலகில் நுணுக்க வேலைப்பாடே செலவாகிறது. ஒரு நடையைச் சற்றே திருப்பி, அப்பாலுள்ள முற்றத்தைச் சுவரால் மறைத்தால், மறைந்த பகுதியை வரையும் சுமை கணிப்பொறிக்குக் குறைகிறது. நடப்பவருக்கோ திருப்பத்திற்கு அப்பால் என்ன உள்ளது என்னும் ஆவல் மிகுகிறது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது கட்டடக் கலைஞர் வெகு காலமாகப் பயின்றுவரும் வித்தை அன்றோ!

ஜொனாதன் புளோ என்பவரின் தலைமையில் உருவாகி 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி விட்னெஸ்' என்னும் கணிப்பொறி விளையாட்டு இதற்குத் தக்க சான்று. ஆளரவமற்ற தீவொன்றில் நடந்து புதிர்களை விடுவிப்பதே அவ்விளையாட்டு. அத்தீவை அமைப்பதற்குக் கட்டடக் கலைஞர்களும் நிலத்தோற்ற வடிவமைப்பாளர்களும் அமர்த்தப்பெற்றனர். டியானா வான் பியூரன் என்னும் கட்டடக் கலைஞர் அவர்களுள் ஒருவர். அழகிய கட்டடங்களை வரைந்து கொடுத்ததோடு அவர்கள் பணி நின்றுவிடவில்லை. இங்கே முன்பு வாழ்ந்தோர் யாவர், எப்பொருளால் கட்டினர், பின்வந்தோர் அதனை எவ்வாறு மாற்றினர் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே வடிவங்கள் முடிவாயின. பழைய அடித்தளத்தின்மேல் வேறொரு காலத்துச் சுவர் எழும்பி நிற்குமாயின், அவ்விடத்தின் வரலாறு எழுத்தின் துணையின்றியே விளங்கிவிடுகிறது.

அளவு பற்றிய சிக்கலும் ஒன்று உண்டு. சில விளையாட்டுகளில் பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னிருந்து காட்சி காட்டப்படும். அவற்றில் உண்மை அளவில் அமைந்த அறை நெருக்கமாகத் தோன்றுவதால், வாயில்களும் நடைகளும் அகலமாக்கப்படுகின்றன. தலையில் அணியும் கருவியிலோ இத்தகைய மிகை உடனே உறுத்தும்.

மெய்நிகர் உலகினைக் கொண்டு மெய்யான இடத்தைத் திருத்தியமைத்தலும் இயலும். 2012ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் வாழிடத் திட்டமும், 'மைன்கிராப்ட்' விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனமும் இணைந்து ஒரு முயற்சியைத் தொடங்கின. கென்யாவின் தலைநகராகிய நைரோபியில் உள்ள கிபெரா குடிசைப் பகுதியில், விளையாட்டுத் திடல் ஒன்றைச் சீர்ப்படுத்துவதற்கு இம்முறை முதலில் கையாளப்பட்டது. மக்கள் ஒரு மீட்டர் கனச்சதுரக் கட்டிகளை அடுக்கித் தாம் வேண்டும் அமைப்பைத் திரையில் உருவாக்குவர். அதனைக் கட்டுதற்குரிய வரைபடமாக மாற்றுவது தொழில் வல்லுநரின் பொறுப்பு. வரைபடத்தைக் கண்டு தலையசைப்போர் எல்லோரும் அதனைப் புரிந்துகொண்டனர் என்று கொள்ளலாகாது என்பதைக் களப்பணியாளர் நன்கு அறிவர். கட்டிகளை அடுக்கிய சிறுவனோ, தவறு கண்ட இடத்தில் தானே ஒன்றை எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுகிறான்.

இத்துறையில் புகும் மாணவர் சிலவற்றை முன்னரே அறிந்திருத்தல் நலம். இந்தியாவில் 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பட்டப்பெயருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் காப்பளிக்கிறது. மெய்நிகர்க் கட்டடத்தை வடிவமைப்பதற்கோ எவருக்கும் பதிவு தேவையில்லை. ஆதலின் போட்டி கடுமையானது. விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள்களில் பயிற்சி பெறாமல் பட்டம் மட்டும் கொண்டு சென்றால் பயன் சிறிதே. மேலும், இவ்விடங்களின் ஆயுள் அவற்றை நடத்தும் நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. 2015 முதல் இயங்கிவந்த 'ஆல்ட்ஸ்பேஸ் விஆர்' என்னும் மெய்நிகர் கூடம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மக்கள் கூடிய அரங்குகளுக்குள் அதன்பின் எவரும் நுழைய இயலவில்லை. எனவே, மாதிரியின் மூலப்படி யாரிடம் இருக்கும் என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டுத் தெளிதல் வேண்டும்.