மிதிவண்டிச் சட்டமும் கேபிள் உராய்வும்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது முதுமொழி. கிணற்று மேட்டுக் கல்லில் கயிறு ஓடி ஓடி உண்டாக்கிய பள்ளத்தைக் கண்ட உழவருக்கு இதன் உண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நெசவாளருக்கும் அவ்வாறே. பாவுக்குக் கஞ்சி இடாமல் தறியேற்றினால், அச்சின் உராய்வில் இழை நைந்து அறுந்துபோகும் என்பதை அவர் நன்கு அறிவார். உராய்வு மெல்ல வரும், ஓசையின்றி வரும், ஆயினும் ஓயாமல் வரும். நம் வீட்டுத் திண்ணையோரம் நிற்கும் மிதிவண்டியிலும் இதே பகை குடியிருப்பதைச் சிலரே கவனிக்கின்றனர்.

கம்பியும் கேபிளும்

நம் தந்தையர் ஓட்டிய கறுப்பு மிதிவண்டிகளில் பிரேக்கை இயக்கியவை விறைப்பான இரும்புக் கம்பிகள். அவை தத்தம் தாங்கிகளில் நின்று அசைந்தனவேயன்றிச் சட்டத்தில் உராய்வதில்லை. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் கம்பிக்குப் பதிலாகக் கேபிள் வந்துவிட்டது. இவ்வகைக் கேபிளுக்கு 1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் எர்னெஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர். மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிய கம்பி உள்ளே ஓடுகிறது; அதைச் சுற்றி எஃகுச் சுருள்; சுருளின்மேல் பிளாஸ்டிக் உறை. வேண்டியவாறு வளைந்து செல்வதே இதன் சிறப்பு. அச்சிறப்பே குறையாகவும் முடிகிறது. கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் கேபிள் சாய்ந்து, சட்டத்தின் முன்பக்கத் தலைக்குழாயைத் தேய்க்கிறது.

மிருதுவான பிளாஸ்டிக் கெட்டியான வண்ணப்பூச்சை எவ்வாறு அரிக்கும் என்று கேட்கலாம். அரிப்பது பிளாஸ்டிக் அன்று. இடையில் சிக்கும் மணலே. பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மணலில் மிகுந்துள்ள குவார்ட்சுக்கு 7 என்னும் இடம். இரும்புக்கோ ஏறத்தாழ 4. நம் மண்பாதைகளில் எழும் புழுதி, கேபிளுக்கும் குழாய்க்கும் நடுவே அமர்ந்து உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது. முதலில் பளபளப்பு மங்கும். பிறகு பூச்சு போகும். அதன்பின் மழைநீர் பட்டு இரும்பில் துரு ஏறும். அலுமினியச் சட்டத்தில் செந்துரு ஏறாது. ஆயினும் அலுமினியம் இரும்பினும் மிருதுவாதலால் குழாயே குழிந்துவிடக்கூடும்.

தேய்வது சட்டம் மட்டுமன்று

இதில் மற்றொரு தீங்கும் உண்டு. சட்டத்தைத் தேய்க்கும் கேபிள் தானும் தேய்கிறது. நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் வண்டியின் தலைக்குழாயில் கறுத்த தடமொன்று இருந்ததைப் பல மாதங்கள் கண்டும் காணாமல் இருந்தேன். ஐப்பசி மழை ஓய்ந்தபின் ஒருநாள், பின்னால் நூல் மூட்டையுடன் ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது முன் பிரேக் பிடிக்கவில்லை. காலைத் தரையில் ஊன்றி ஒருவாறு தப்பினேன். கடைக்காரர் கேபிளைக் கழற்றிக் காட்டினார். உராய்ந்த இடத்தில் உறை கிழிந்து, நீர் புகுந்து, உள்கம்பி துருவேறி இறுகிக் கிடந்தது. அதன் நேர் எதிரே குழாயிலும் நகத்தளவு துரு. பாரம் ஏற்றிச் செல்வோர்க்குப் பிரேக்கே உயிர்க்காவல். ஆகவே கேபிள் உராய்வை அழகுக் குறை என்று மட்டும் கருதுதல் தவறு.

செய்ய வேண்டுவன

முதலாவது, இடத்தைக் கண்டறிதல். வண்டியை நிறுத்திக் கைப்பிடியை இடமும் வலமும் முழுமையாகத் திருப்புக. கேபிள் எங்கெங்கே படுகிறதென்று பார்த்துச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்க. தலைக்குழாயின் இருபுறமும், கேபிள் மேற்குழாயை ஒட்டிச் செல்லும் இடங்களும் முக்கியமானவை.

இரண்டாவது, தூய்மை. அவ்விடத்தைச் சோப்பு நீரால் கழுவி, ஈரமறத் துடைத்து உலர்த்துக. துரு இருப்பின் உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, அடிப்பூச்சும் அதன்மேல் வண்ணமும் பூசிக் காயவிடுக. மணலைத் துடையாமல் மேலே எதை ஒட்டினாலும் பகைவனை உள்ளே வைத்துக் கதவடைத்தவாறே ஆகும்.

மூன்றாவது, காப்பு. சட்டத்தில் ஒட்டுவதற்கென்றே தடித்த, நிறமற்ற ஒட்டுத்தாள் சைக்கிள் கடைகளில் கிடைக்கிறது. விரலளவு துண்டு போதும். மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் எளிதில் பெயராது. அது கிடையாவிடில் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கேபிளின்மேல் சுற்றிக் கட்டலாம். மின்வேலைக்குரிய கறுப்பு நாடாவும் உதவும். ஆனால் வெயிலில் அதன் பசை இளகி ஒழுகுமாதலால் அடிக்கடி மாற்ற வேண்டும்.

நான்காவது, கேபிளின் நீளம். மிகையாக நீண்ட கேபிள் தொங்கிச் சட்டத்தில் அடிபடும். மிகக் குறுகினால் கைப்பிடி திரும்பும்போது இழுபட்டு, பிரேக் தானே பிடிக்கும். கைப்பிடி இருபுறமும் தடையின்றித் திரும்பத் தேவையான நீளமே சரியானது. உறையை நசுங்காமல் நறுக்குவதற்குத் தக்க கருவி வேண்டும். இவ்வேலையைக் கைதேர்ந்த கடைக்காரரிடம் விடுவதே நலம்.

ஓர் எச்சரிக்கை

குழாயைச் சுற்றி ரப்பரை இறுகக் கட்டிவிட்டு மறந்துவிடலாகாது. அதனடியில் மழைநீர் தங்கினால், காப்பென நினைத்ததே துருவுக்கு இடமாகும். மாதம் ஒருமுறை அவிழ்த்துத் துடைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. மழைக்காலத்தில் இதை இன்னும் அடிக்கடி செய்தல் வேண்டும்.

உறுப்பினர்களே! சிறுதுளியே பெருவெள்ளம் என்னும் நம்பிக்கையில் எழுந்தது நம் சங்கம். சேமிப்புக்கு மட்டுமன்று, சேதத்துக்கும் அவ்விதி பொருந்தும். துளித்துளியாகத் தேய்வதை ஒரு துண்டு ரப்பரும் கால்மணி நேர உழைப்பும் தடுக்கும். பாவுக்குக் கஞ்சி இட மறவாத கை, பால் குடத்தையும் நூல் மூட்டையையும் சுமந்து செல்லும் வண்டியையும் மறவாதிருக்கட்டும். இன்று மாலை விளக்கேற்றுமுன், உங்கள் வண்டியின் கைப்பிடியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.