களைக்கொல்லியை உடைக்கும் அற்பாயுசு அசுரன்: தெரியுமா?

மக்காச்சோளக் காட்டில் களைக்கு அடிக்கும் அட்ரசின், நல்ல மழை ஒன்று பெய்தால் போதும். வாய்க்கால், ஆறு, நிலத்தடி என்று ஊர் சுற்றக் கிளம்பிவிடும். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும்; அட்ரசின் போகாது! குளோரின் போட்டாலும் பெரிதாக அசையாது! பிறகு எதற்குத்தான் அடங்கும்?

கோடியில் ஒரு கிராம்!
ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிநீரில் எந்த ஒரு களைக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால், ஒரு கோடி லிட்டருக்கு ஒரே ஒரு கிராம்! அட்ரசினுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்போ 3 மைக்ரோகிராம். முப்பது மடங்கு தாராளம்!

புளியிலிருந்து ஊதா!
அட்ரசினை அடக்கும் அசுரனின் கதை இங்கே தொடங்குகிறது. 1876-ல் கேம்பிரிட்ஜ் மாணவர் ஹென்றி ஃபென்டன், டார்டாரிக் அமிலத்தில் (நம் புளிக்குப் புளிப்பு தரும் அதே அமிலம்தான்!) இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்துவிட்டுக் கொஞ்சம் காரம் விட்டார். கரைசல் பளிச்சென்று ஊதாவாக மாறியது! 1894-ல் அதை விரிவாக எழுதினார். ஹைட்ராக்சில் ராடிக்கல்தான் உள்ளே புகுந்து வேலை செய்கிறது என்று ஹேபரும் வெய்ஸும் சொன்னதோ 1934-ல்! காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கி ரசாயன உரத்துக்கு வழி திறந்த அதே ஹேபர்தான் இவர்!

புட்டியில் அடைக்க முடியாது!
ஒரு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், துணையில்லாத ஒரு எலக்ட்ரான். அவ்வளவுதான் நம் அசுரனான இந்த ஹைட்ராக்சில் ராடிக்கல்! தண்ணீரில் அதன் ஆயுள் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஆக்சிஜனேற்ற வலிமை 2.8 வோல்ட்! ஓசோனுக்கு 2.07, குளோரினுக்கு 1.36 மட்டுமே. சேமித்து வைக்க வழியில்லாததால், தேவைப்படும் இடத்திலேயே உருவாக்கி அங்கேயே செலவழிக்க வேண்டும்.

ரைன் நதிக்கு விளக்கொளிக் குளியல்!
நெதர்லாந்தின் ஆண்டைக் குடிநீர் நிலையத்துக்கு வரும் ஐசல் ஏரி நீரில் ரைன் நதி சுமந்துவரும் களைக்கொல்லியும் கலந்திருக்கும். 2004 முதல் அங்கே லிட்டருக்கு சுமார் 6 மில்லிகிராம் பெராக்சைடு கலந்து, புற ஊதா விளக்குகளைத் தாண்டி நீரை ஓடவிடுகிறார்கள். ஒளி பட்டதும் பெராக்சைடு இரண்டாகப் பிளந்து ராடிக்கலாகிறது! அட்ரசினில் 80 சதவீதத்தை உடைப்பது இலக்கு. ஆயிரம் லிட்டருக்கு ஆகும் மின்சாரம் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். மிஞ்சும் பெராக்சைடைக் கரி வடிகட்டி பார்த்துக்கொள்ளும்.

அசுரனுக்கும் அடங்காத வளையம்!
சுவர் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு, புற ஊதா ஒளி பட்டால் இதே ராடிக்கலை உண்டாக்கும். அது அட்ரசினின் கை கால்களையெல்லாம் வெட்டிவிடும். நடுவிலுள்ள வளையம் மட்டும் உடையாது! மிஞ்சுவது சயனூரிக் அமிலம். நீச்சல் குளத்துக் குளோரின் வெயிலில் வீணாகாமல் இருக்கப் போடுவார்களே, அதேதான்!

எதிரிகளும் உண்டு!
கடின நீரிலுள்ள பைகார்பனேட், களைக்கொல்லிக்குப் போக வேண்டிய ராடிக்கலை வழியிலேயே விழுங்கிவிடும். புற ஊதா ஒளிக்குப் பதில் ஓசோனை விடலாமே என்றால், புரோமைடு உள்ள நீரில் புரோமேட் என்ற புது வில்லங்கம் முளைக்கும்!

இத்தனை பெராக்சைடும் மின்சாரமும் செலவழிவது கோடி லிட்டருக்குச் சில கிராம் மருந்தை விரட்டத்தான். அதனால் மருந்து அடித்த ஸ்பிரேயர் டேங்க்கை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவாதீர்கள். அலசிய நீரை மருந்து அடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்!