மானியம் வரும், மூலப்பொருள் வருமா?

எத்தனால் ஆலைக்கோ பயோடீசல் ஆலைக்கோ கடன் கேட்டு வரும் தொழில்முனைவோரின் திட்ட அறிக்கைகளில் ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். மூலதன மானியம், வட்டி மானியம், வரிச்சலுகை ஆகியவை முதற்பக்கங்களிலேயே தடித்த எழுத்தில் இருக்கும். மூலப்பொருள் எங்கிருந்து, என்ன விலைக்கு, எத்தனை மாதங்களுக்குக் கிடைக்கும் என்பது கடைசியில் ஒரு பத்தியாக ஒதுங்கியிருக்கும். அந்த அறிக்கையை நாம் பின்னாலிருந்து படிக்கத் தொடங்குவது இதனால்தான். அரசு தரும் சலுகைகள் உண்மையானவை, பெரியவையும்கூட. ஆயினும் கடன் தவணையைக் கட்டுவது சலுகையன்று; தடையின்றி வரும் மூலப்பொருளும், உறுதியாக வாங்கும் ஒருவருமே.

எத்தனாலின் கதையே இதற்குச் சான்று. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2003-இல் தொடங்கியது. பத்தாண்டுகள் கழிந்த பின்னரும், 2013-14-இல் கலப்பு விகிதம் 1.53 சதவீதம் மட்டுமே. வழங்கல் 38 கோடி லிட்டர். 2023-24-இல் அது 700 கோடி லிட்டரைக் கடந்தது. 2030-க்கென 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வகுத்த 20 சதவீத இலக்கு, 2022-இல் 2025-26-க்கு முன்கொணரப்பட்டு, 2025-இல் எட்டவும் பட்டது.

இடையில் மாறியது என்ன? மூலப்பொருள்வாரியாக அரசே விலையை அறிவித்தது. 2024-25 வழங்கல் ஆண்டில் கரும்புச்சாற்று எத்தனாலுக்கு லிட்டருக்கு ரூ.65.61, ‘பி’ வகை மொலாசஸுக்கு ரூ.60.73, ‘சி’ வகைக்கு ரூ.57.97, மக்காச்சோளத்திற்கு ரூ.71.86. கலப்புக்கான எத்தனாலின் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வங்கியாளர் பார்வையில் மிகப் பெரிய மாற்றம் முத்தரப்பு ஒப்பந்தமாகும். நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் பெற்ற ஆலைகளுக்கு, எண்ணெய் நிறுவனம் தரும் தொகை நேராக எஸ்க்ரோ கணக்கிற்கு வந்து, முதலில் கடன் தவணைக்குச் செல்லும்.

வட்டி மானியத்தையும் சற்று விளக்குவோம். 2018 முதல் அறிவிக்கப்பட்ட திட்டங்களில், வங்கி விதிக்கும் வட்டியில் பாதி அல்லது 6 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதை அரசு ஏற்றது. 40 கோடி ரூபாய்க் கடனுக்கு 10 சதவீத வட்டி எனில், முதலாண்டு வட்டியான 4 கோடியில் 2 கோடி அரசுடையது. வட்டி 13 சதவீதமானால் பாதியான 6.5 கிடைக்காது, 6 சதவீதமே கிடைக்கும். இதன் காலம், ஓராண்டுத் தவணை விடுப்பையும் சேர்த்து 5 ஆண்டுகள். எனவே முதல் ஐந்தாண்டுகளின் வரவுசெலவைவிட ஆறாம் ஆண்டின் வரவுசெலவையே நாம் உற்று நோக்குகிறோம். அன்று முழு வட்டியும் ஆலையின் தோளில் ஏறுகிறது. 2025 மார்ச்சில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் தானியத்திலிருந்தும் எத்தனால் தயாரிக்கும் வகையில் தம்மை மாற்றியமைத்துக்கொள்ள இத்தகைய உதவி அறிவிக்கப்பட்டது.

மாநிலங்களும் போட்டியிட்டு அழைக்கின்றன. மதுவிலக்கு நடைமுறையிலுள்ள பீகார், எரிபொருள் தர எத்தனாலுக்கென 2021-இல் தனிக்கொள்கை வகுத்து, இயந்திரச் செலவில் 15 சதவீதம், அதிகபட்சம் 5 கோடி ரூபாய் மானியம் அறிவித்தது. உத்தரப் பிரதேசத்தின் 2022-ஆம் ஆண்டுக் கொள்கை பயோடீசலுக்கு ஒரு கிலோலிட்டர் உற்பத்தித் திறனுக்கு 3 லட்சம் ரூபாயும், அழுத்தப்பட்ட உயிரி எரிவாயுவுக்கு ஒரு டன் திறனுக்கு 75 லட்சம் ரூபாயும் தருகிறது. இரண்டிற்கும் உச்சவரம்பு 20 கோடி. இத்தகைய மானியங்கள் பெரும்பாலும் ஆலை எழுந்த பிறகே கைக்கு வருபவை. அதுவரை முதலீட்டைத் தாங்கும் சொந்தப் பணம் உண்டா என்று நாம் கேட்பது, வாடிக்கையாளரை அலைக்கழிப்பதற்காக அன்று.

அழைக்கும் அரசே தடுக்கவும் கூடும். சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சத்தில், 2023 டிசம்பர் 7 அன்று கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்க மத்திய அரசு தடைவிதித்தது. ஒரு வாரத்தில் அதைத் தளர்த்தி, 17 லட்சம் டன் சர்க்கரை அளவிற்கு வரம்பிட்டது. கட்டுப்பாடு நீங்கியது 2024 ஆகஸ்ட் இறுதியில். அதற்கு முன்னரே 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழக அரிசி நிறுத்தப்பட்டிருந்தது. ஒரே மூலப்பொருளை நம்பிய ஆலை அந்த மாதங்களில் என்ன செய்திருக்கும்?

இன்றைய கவலை வேறுவகையானது. 2025-26 வழங்கல் ஆண்டுக்கு எண்ணெய் நிறுவனங்கள் கோரியது 1,050 கோடி லிட்டர். ஆலைகள் தர முன்வந்ததோ 1,776 கோடி லிட்டர். ஐந்தில் இரண்டு பங்குக்கு வாங்குவோர் இல்லை. எரிபொருள் எத்தனாலை மட்டுமே தயாரிக்கும் ஆலைக்கு வேறு சந்தையும் இல்லை. புதிய எத்தனால் ஆலைக்கான விண்ணப்பத்தை இப்போது நாம் மிகுந்த தயக்கத்துடனேயே பார்க்கிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை ஆல்கஹாலை முறைப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என 2024 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்துள்ளதால், மாநிலக் கட்டணங்களுக்கும் திட்டக் கணக்கில் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

பயோடீசலின் நிலை இதற்கு நேர்மாறு: வாங்குவோர் உண்டு, எண்ணெய் இல்லை. தரிசு நிலமெல்லாம் காட்டாமணக்கு வளர்த்து டீசல் எடுக்கலாம் என்று 2003-இல் திட்டக்குழுவின் குழு பரிந்துரைத்தது. 2006 முதல் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்க 20 கொள்முதல் நிலையங்களும் அறிவிக்கப்பட்டன. தண்ணீரும் உரமும் இன்றி அச்செடி எதிர்பார்த்த விளைச்சலைத் தரவில்லை. 2017-க்குள் 20 சதவீதம் என 2009-ஆம் ஆண்டுக் கொள்கை கண்ட கனவு கலைந்தது. 2030-க்குள் 5 சதவீதம் என்பதே இப்போதைய இலக்கு. நடைமுறையில் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

ஆகவே பார்வை வாணலியின் பக்கம் திரும்பியது. பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதனைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. நாள்தோறும் 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் செலவிடும் உணவகங்கள் பதிவேடு வைக்கவேண்டும். இவ்வெண்ணெயில் தயாரித்த பயோடீசலை லிட்டர் ரூ.51-க்கு வாங்க எண்ணெய் நிறுவனங்கள் 2019-இல் முன்வந்தன. எண்ணெய் நிறுவனங்களுக்குக் கலப்புக்காக விற்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதமே, பிறருக்கு விற்றால் இச்சலுகை இல்லை. சில்லறையில் விற்போர் மாநில அரசில் பதிவுசெய்து, 100 சதவீத பயோடீசலை மட்டுமே விற்கலாம். டீசலுடன் தாமே கலந்து விற்பது குற்றம். பயோடீசல் என்ற பெயரில் வேறு எண்ணெய்கள் விற்கப்பட்டதால் குஜராத்தில் தொடர் சோதனைகள் நடந்ததையும் வாசகர்கள் அறிந்திருப்பர்.

புதிதாக இறங்குவோருக்கு அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு ஓரளவு தெளிவான பாதை. நகர எரிவாயு நிறுவனங்களுக்குக் கலப்புக் கடமை 2025-26-இல் 1 சதவீதம், அடுத்த ஆண்டு 3, பின்னர் 4, 2028-29 முதல் 5 சதவீதம் என வரையறுக்கப்பட்டுள்ளது. இவ்வாலைகளுக்கான கடன் 2020 முதல் முன்னுரிமைத் துறையில் சேர்ந்துள்ளது. எஞ்சும் இயற்கை உரத்திற்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவியும் உண்டு. சிக்கல் வைக்கோலில்தான்: அறுவடையை ஒட்டிய சில வாரங்களில் வாங்கி, ஆண்டு முழுவதும் நனையாமல் வைத்திருக்க வேண்டும். அந்தச் சேமிப்பிற்கான நடைமுறை மூலதனத்தைப் பல அறிக்கைகள் பாதியாகவே மதிப்பிடுகின்றன.

கிளைக்கு வரும்போது, மூலப்பொருள் தருவோருடன் எழுதிய ஒப்பந்தம், வாங்கும் நிறுவனத்தின் கடிதம், மாநில அனுமதிகள், மானியமே வராவிட்டால் தவணை எப்படிக் கட்டப்படும் என்ற ஒரு பக்கக் கணக்கு ஆகியவற்றைக் கையோடு கொண்டு வாருங்கள். அந்த ஒரு பக்கத்திலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.