ஹோம்வொர்க் விடை: பார்க்கலாமா? கூடாதா?



வீட்டுப்பாடத்துக்கு விடை பார்த்து எழுதுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. நம் அப்பா, தாத்தா காலத்திலேயே கோனார் தமிழ் உரை இருந்தது. அப்போ கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கணும். 2014-ல் ஃபோட்டோமேத் வந்ததிலிருந்து கணக்கைப் போட்டோ எடுத்தாலே விடை வருது. 2022-ல் சாட்ஜிபிடி வந்த பிறகு கட்டுரையே எழுதிக் கொடுக்குது!

"இதையெல்லாம் தடை பண்ணணும்"னு சிலர் சொல்றாங்க. நான் அப்படி நினைக்கவில்லை. டியூஷன் போறவங்களுக்குச் சந்தேகம் கேட்க ஆள் இருக்கு. குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பத்தாவது படிக்கிறவங்க ராத்திரியில் யாரைப் போய்க் கேட்பாங்க? மேலும், நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசியில் அரசாங்கமே விடைகளை அச்சடித்துத்தானே கொடுத்திருக்கு?

அப்போ ஆபத்து எங்கே? ஒரு கணக்கைப் பார்ப்போம். 84, 30 இவற்றின் மீ.பொ.வ. என்ன? புத்தகம் "6" என்று சொன்னால், 6 வரும்வரை நாம்தான் போட்டுப் பார்க்கணும்.

84 = 30 × 2 + 24
30 = 24 × 1 + 6
24 = 6 × 4 + 0

போன் இந்த மூணு வரியையும் சேர்த்தே கொடுத்திடும். நாம் பார்த்து எழுதினால் கைக்கு வேலை, மூளைக்கு லீவு! 24 எப்படி வந்தது என்று கேட்டால் முழிப்போம்.

2023-ல் துருக்கி நாட்டில் சுமார் ஆயிரம் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். சாட்ஜிபிடி மாதிரி ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டவங்க பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாக எடுத்தாங்க. அதை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அது இல்லாமலே படித்தவங்களைவிட 17 சதவீதம் குறைவு! இன்னொரு பிரிவுக்கு விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுத்தாங்க. அவங்களுக்குப் பரீட்சையில் அந்த இறக்கம் வரவில்லை.

நம்ம சிதம்பரத்தைத் தாண்டினால் கும்பகோணம். அங்கே 1903-ல், பள்ளிப் பருவத்தில் ராமானுஜனுக்கு கார் என்பவர் எழுதிய கணிதப் புத்தகம் கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன. நிரூபணம் ரொம்பக் குறைவு. ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்துதான் அவர் கணித மேதை ஆனார். நாம் மேதை ஆகாவிட்டாலும் பாஸ் ஆகலாமே!

அதனால் நண்பர்களே:

1. முதலில் நீங்களே போடுங்க. எந்த ஸ்டெப்பில் நிற்கிறதோ, அதை மட்டும் பாருங்க.
2. பார்த்ததும் மூடிவைத்து, முதலிலிருந்து போடுங்க.
3. எண்ணை மாற்றிப் போடுங்க. 90, 36-க்கு 18 வந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோட்டில் டிக் போடும் முன், அதே மாதிரி வேறொரு கணக்கைக் கரும்பலகையில் போடச் சொல்லுங்க. யார் பார்த்து எழுதினாங்க, யார் புரிந்து எழுதினாங்க என்று அப்போதே தெரிந்துவிடும். தெரியாதவங்களைத் திட்டாமல், நின்ற இடத்திலிருந்து சொல்லிக்கொடுங்க.

கரையில் நின்று எத்தனை நாள் வேடிக்கை பார்த்தாலும் நீச்சல் வராது. தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரணுமா என்ன?