ஊர்ச் சாக்கடைக்கு யார் பணம்?

சாலைக் கடைத்தெருவில் முப்பத்தைந்து வருஷமாக வியாபாரம் செய்து வருகிறேன். ஆமையிழஞ்சான் தோட்டைத் தாண்டிப் போகாத நாளில்லை. 2024 ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் அந்தத் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் மழை வெள்ளத்தில் மாட்டி இறந்துபோனார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யக்கூடிய நிலையம் இருக்கும் தலைநகரத்திலேயே இந்த நிலை என்றால், நாம் விட்டுவிட்டு வந்த சின்ன ஊர்களின் கதி என்ன?

என் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் வழக்கமுள்ள சமணக் குடும்பம். குடிக்கும் நீரைப் பற்றி அப்பா ஆயிரம் சொல்லுவார். கழுவிக் கொட்டிய நீர் எங்கே போகிறது என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் அது வாழை மரத்தடிக்குப் போயிற்று. இன்று வீட்டுக்கு வீடு குழாய். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். மூவாயிரம் பேர் உள்ள ஊருக்கு 1,65,000 லிட்டர் உள்ளே வருகிறது. அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சாக்கடையாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டணம்போல் பாதாளச் சாக்கடை போடலாமே என்பார்கள். அது ஆகாது. குழாயில் அழுக்கு தங்காமல் ஓட ஆளுக்கு 135 லிட்டராவது வேண்டும் என்பது பொறியாளர்கள் கணக்கு. சின்ன ஊருக்கு ஏற்றது வீட்டுக்கு ஓர் உறிஞ்சு குழி, தெருவுக்கு மூடிய கால்வாய், கடைசியில் கல்வாழை, நாணல் வளர்த்த வடிகட்டும் பாத்தி. கக்கூஸ் தண்ணீர் இதில் கலக்கக் கூடாது, அது செப்டிக் டேங்கோடு நிற்க வேண்டும்.

பணம்? இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். முதல் போட அரசாங்கத்தில் பணம் இல்லாமல் இல்லை. 2020இல் தொடங்கிய தூய்மை பாரதம் இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள ஊருக்குத் தலைக்கு 280 ரூபாய் சாக்கடை நீருக்கென்றே வகுத்தார்கள். நம் மூவாயிரம் பேர் ஊருக்கு 8,40,000 ரூபாய். இதில் நூற்றுக்கு முப்பது, அதாவது 2,52,000 ரூபாயை, பதினைந்தாம் நிதிக்குழு கொடுத்த மானியத்திலிருந்து ஊராட்சி போட வேண்டும். மிச்சம் 5,88,000 ரூபாயை மத்திய அரசும் மாநில அரசும் அறுபதுக்கு நாற்பது என்று பகிர்ந்துகொள்ளும். போதாத இடத்தில் தமிழ்நாட்டில் 'நமக்கு நாமே' திட்டம் உண்டு. 1997இல் வந்து, இடையில் பெயர் மாறி, 2021இல் மறுபடி வந்தது. கிராமத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மிச்சத்தை அரசு போடும்.

வியாபாரிக்கு முதல் வேறு, நடைச்செலவு வேறு. கடை கட்டக் கடன் கிடைக்கும், தினம் கடையைக் கூட்டிப் பெருக்க எவன் கடன் கொடுப்பான்? எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் நல்ல கால்வாய் கட்டினார்கள். இரண்டு மழைக்காலம் ஓடிற்று. மூன்றாவது வருஷம் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டு தெருவெல்லாம் கொசு. தூர் வார ஊராட்சிக் கையில் காசில்லை. இருந்த வரி தெரு விளக்குக்கே சரியாய்ப் போச்சு.

காசு கேட்டால் ஜனங்கள் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சென்னையை ஒட்டிய ஆலந்தூரைப் பாருங்கள், அப்போது அது தனி நகராட்சி. 1996இல் தலைவராக வந்த ஆர்.எஸ். பாரதி காலத்தில், பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டும் முன்பே வீட்டுக்கு 5,000, கடைக்கு 10,000 என்று வசூலித்தார்கள். தெருத் தெருவாகப் போய்க் கணக்கைச் சொன்னார்கள், ஜனங்கள் கட்டினார்கள். மாதக் கட்டணமும் உண்டு என்பதை மறைக்கவில்லை. அது நகரம், நம் ஊர் கிராமம்தான். ஆனால் நம்பிக்கை வந்தால் காசு வரும் என்பது இரண்டுக்கும் பொது.

நம் வணிகர்களுக்கு இது புதிதுமல்ல. விருதுநகர், சிவகாசி நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடமே நடத்தினார்களே! எழுநூறு வீடுள்ள ஊரில் வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் என்றால் வருஷம் 1,68,000 ரூபாய். இரண்டு ஆட்களுக்கு மாதத்தில் சில நாள் கூலியும், கையுறை, பூட்ஸ், மண்வெட்டிச் செலவும் அதில் அடங்கிவிடும். கையால் மலம் அள்ளும் வேலைக்கு யாரையும் இறக்கக் கூடாது, 2013 சட்டம் அதைத் தடுக்கிறது. செப்டிக் டேங்குக்கு லாரிதான் வர வேண்டும்.

திருவிழாவுக்கு இங்கிருந்து பணம் அனுப்புகிற நாம், ஊருக்குப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வைப்புத் தொகை போட்டு அதன் வட்டியைத் தூர் வார விடலாம். ஊராட்சிக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்காக இருக்க வேண்டும், வருஷம் ஒருமுறை வரவு செலவு படிக்க வேண்டும். அதற்கு நாளும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. அன்றைக்கு லீவு போட்டு ஊருக்குப் போங்கள். கால்வாய் எப்போது கட்டுவீர்கள் என்று கேட்க வேண்டாம். கட்டினதைத் தூர் வார யார், எந்தக் கணக்கிலிருந்து என்று கேளுங்கள்.